வீடும் மணமும்

உயிர்களை அறிவு வகையாற் பகுக்கப் புகுந்த தொல்காப்பியர், உடம்பினால் உற்றறிவதை முதலாவதாகவும், நாவினால் அறிவதை இரண்டாவதாகவும், மூக்கினால் அறிவதை மூன்றாவதாகவும் வைத்தார். கண்ணும் செவியும் அதன் பின்னரே வருவன. மூன்றறிவுடைய உயிர்களுக்கு அவர் காட்டிய உதாரணம் சிதலும் எறும்பும். சிதல் என்பது கறையான். வீட்டு வளையை இருந்த இடந் தெரியாமல் அரித்துத் தின்னும் அச்சிற்றுயிருக்கும் வாய்த்த அறிவு, அவ்வீட்டிலே பிறந்து வளர்ந்து எண்பது வயது கண்ட மனிதரை விட்டு ஓசைப்படாமல் நீங்கிவிடக்கூடும் என்பதை என் பெரியம்மாவின் வாயிலாகவே அறிந்தேன். அவர் சொன்னதை முதலிலே பிழையாக விளங்கிக்கொண்டேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கிலே கடலுக்கு அணித்தாக உள்ளது. 1990 ஆம் ஆண்டில் ஊர் முழுவதும் பெயர்ந்தது. எனக்கு அப்போது இருபது வயது. பெரியம்மாவுக்கு ஐம்பத்து நான்கு. அதன் பின்னர் இருபத்தெட்டு ஆண்டுகள் உறவினர் வீடுகளிலும் வாடகை வீடுகளிலுமாகக் காலங் கழித்தோம். 2018 இல் எங்கள் காணி விடுவிக்கப்பட்டபோது அங்கே எஞ்சியிருந்தவை கிணறு, அத்திவாரம், மேற்குப் புறத்திலே பாதிச் சுவர், வளவு நிறைய நாயுருவி. அக்காணியில் நான்கு மாதத்திற்குள் ஒரு புது வீடு எழுந்தது. சீமெந்துக் கல்லால் ஆன சுவர், நாகமும் அலுமினியமும் பூசிய தகட்டுக் கூரை, அலுமினியச் சட்டமிட்ட யன்னல், வழுவழுப்பான தரையோடு. குறை சொல்ல ஒன்றுமில்லை. பால் காய்ச்சிய அன்று பெரியம்மா எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு விறாந்தையில் வந்து அமர்ந்தார். "வீடு பிடிச்சிருக்கோ பெரியம்மா?" என்று கேட்டேன்.

"வீடு வடிவாய்த்தான் இருக்கு மோனை. ஆனால் மணக்குதில்லை" என்றார்.

இந்தச் சொல்லை யான் அப்படியே பிடித்துக்கொண்டேன். தமிழ் கற்பிப்பவனுக்கு இத்தகைய ஒரு வாக்கியம் கிடைத்தால் விடுவானா? பழைய வீட்டைப் பற்றியும் அதன் பொருள்களைப் பற்றியும் சில நாள் வரை அதையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த வீடு நாற்சார் வீடு. பெரியம்மாவின் தந்தையார், அதாவது என் தாய்வழிப் பாட்டனார், 1930 களிலே கட்டுவித்தது. அதற்குரிய பொருள்களிற் பெரும்பகுதி ஒரு மாட்டு வண்டில் காலையிற் புறப்பட்டு மாலையில் திரும்பக்கூடிய தூரத்துக்குள்ளேயே கிடைத்தது. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் ஒரு சுண்ணக்கற் பாறையின் மேல் இருக்கிறது. நிலத்தை இரண்டடி தோண்டினாற் கல். அக்கல்லே சுவராயிற்று, அக்கல்லைச் சுட்டபோது சாந்தாயிற்று. கைமரமும் வளையும் முற்றிய பனையின் வைரம். அடுக்களைக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் மேலே கிடுகு. அக்கிடுகுக்குரிய தென்னோலையை நீரிலே ஊறவைக்கும்போது எழும் புளித்த வாடை அயல் முழுவதும் பரவும். அதை அனுபவித்தவர்கள் மறக்கமாட்டார்கள். தரைக்குச் சாணமும் மண்ணும். தூரத்திலிருந்து வந்தவை இரண்டே. ஒன்று, தலைவாசற் கதவுக்குப் பர்மாவிலிருந்து வந்த தேக்கு. மற்றையது பெரிய வீட்டின் கூரைக்குரிய மங்களூர் ஓடு. மங்களூரிலே பாசல் மிஷனார் 1865 இல் முதலாவது ஓட்டுத் தொழிற்சாலையை நிறுவிய பின்னர் அவ்வகை ஓடு இந்தியாவெங்கும் பரவியதோடு இலங்கைக்கும் கப்பலேறி வந்தது. ஓட்டின் அடியிலே செய்தவர் பெயர் அச்சிட்டிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய காலத்தில், உடைந்த ஓடு ஒன்றைக் கையில் வைத்து அப்பெயரைப் படித்தது எனக்கு நினைவுண்டு. மழை பெய்யத் தொடங்கியவுடன் அவ்வோட்டிலிருந்து ஒரு மணம் எழும். புதுப்பானையில் முதன்முதல் நீர் வார்த்தால் எழுவது போன்றது.

சுண்ணாம்பின் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். சுண்ணக்கல்லை ஏறத்தாழ 900 பாகை வெப்பத்திற் சுட்டால், நூறு இறாத்தல் கல்லில் நாற்பத்து நான்கு இறாத்தல் கரிவாயுவாகிப் போய்விடும். ஐம்பத்தாறு இறாத்தல் நீறாத சுண்ணாம்பாக எஞ்சும். அதில் நீரைத் தெளித்தால் அது சீறி, வெடித்து, கொதித்து, ஆவியைக் கக்கிக்கொண்டு பொடியாகும். அதுவே நீற்றுதல். சிவனடியார் நெற்றியில் இடும் நீற்றுக்கும் இச்சொல்லுக்கும் உள்ள உறவை மாணவர்க்கு எடுத்துச் சொல்வதுண்டு. நீற்றிய சுண்ணாம்பைக் குழியிலே நீருடன் வாரக்கணக்காக ஊறவைப்பார்கள். ஊற ஊற அது வெண்ணெய் போலக் குழைந்து தரம் ஏறும். மணலோடு சேர்த்து அரைக்கும்போது பனங்கட்டிக் கரைசலும் சேர்ப்பதுண்டு. சுவரிலே பூசிய பின்னர் அச்சுண்ணாம்பு காற்றிலுள்ள கரிவாயுவைச் சிறிது சிறிதாக மீண்டும் உட்கொண்டு பழையபடி கல்லாகிவிடும். சூளையிலே இழந்ததைச் சுவரிலே திரும்பப் பெறுகிறது என்க. தைப்பொங்கலுக்கு முன்னர் ஆண்டுதோறும் வெள்ளையடிப்பதால், வீட்டிலே புதுச் சுண்ணாம்பின் வாடை வற்றுவதற்கு இடமே இல்லை.

பிறகு வழிகள் மாறின. 1950 இலே காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அதுவும் எங்கள் ஊர்க் கல்லையே அகழ்ந்தது. களிமண் மன்னார் மாவட்டத்து முருங்கனிலிருந்து வந்தது. குழியில் ஊறவைத்துக் காத்திருக்கும் வேலை போயிற்று. பையைக் கிழித்து நீர் விட்டாற் போதும். 1990 இல் அத்தொழிற்சாலையும் எங்களோடு நின்றுபோயிற்று. அதன் பின்னர் வடக்கிற்குக் கொண்டுசெல்லத் தடை விதிக்கப்பட்ட பொருள்களுள் சீமெந்தும் ஒன்றாயிற்று. அக்காலத்தில் ஒரு பை சீமெந்தின் அருமையைச் சொன்னால் என்னிடம் இப்போது படிக்கும் பிள்ளைகள் நம்புவதில்லை. இடிந்த வீட்டின் கல்லையும் நிலையையும் கழற்றி வேறொரு கொட்டிலுக்கு வைத்தவர்கள் பலர். கையிருந்த பொருளைக்கொண்டு வீடு கட்டும் புத்தியை எவரும் எமக்குக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

போர் முடிந்த பின்னர் வந்த மாற்றம் வேறு வகையானது. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் வடக்கு, கிழக்கிற் கட்டப்பட்ட வீடுகளிற் பெரும்பாலானவற்றுக்கு ரூபா 550,000 தவணைகளாகக் கொடுக்கப்பட்டது; குடும்பத்தவரே பொருள் வாங்கி, மேசனைப் பிடித்துக் கட்டினர். மணலுக்கு அலைந்தார்கள், விலை ஏறியபோது கடன்பட்டார்கள்; என்றாலும் எந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியும். 2016 அளவில் அதற்கு மாறான ஒரு யோசனை எழுந்தது. உருக்குச் சட்டங்களையும் பலகைகளையும் தொழிற்சாலையிலே ஆயத்தஞ் செய்து கொண்டுவந்து பூட்டி 65,000 வீடுகள் அமைப்பது. ஒன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. விரைவு என்பது அதன் பெருமை. வெப்பம் மிகும், ஊர்த் தொழிலாளருக்கு வேலை இராது, பழுதுபட்டால் ஊரிலே திருத்த ஆளும் பொருளும் கிடையா, அதே பணத்திற் கல்வீடு இரண்டு கட்டலாம் என்று பொறியியலாளரும் மக்கட் பிரதிநிதிகளும் எதிர்த்தனர். அத்திட்டம் முன்மொழிந்தவாறு நிறைவேறவில்லை. அவ்வாதத்திலே யான் எதிர்த்தவர் பக்கமே நின்றேன்; இன்றும் அவ்வாறே. ஆயினும் எங்கள் கல்வீட்டைப் பார்த்தபோது ஓர் ஐயம் பிறந்தது. தகடும், யன்னலும், தரையோடும், வர்ணமும் தொழிற்சாலையில் முடிந்த பொருள்களாகவே வந்து சேர்ந்தன. நகரத்துப் பெரிய கட்டடங்களுக்குக் கொங்கிறீற்றுக் கூடக் குழைத்தே வண்டியில் வருகிறது. நீர் சேர்த்தது முதல் ஒன்றரை மணி நேரத்துள் அதை இறக்கிவிட வேண்டும் என்பது அமெரிக்காவில் நெடுங்காலம் வழங்கிய விதி. வாரக்கணக்காக ஊறிய சுண்ணாம்பு எங்கே, ஒன்றரை மணி நேரம் எங்கே! வர்ணப் பேணியின் மேலே "மணமற்றது" என்று பெருமையாக எழுதியிருந்தது.

ஆகவே பெரியம்மா சொன்னது முற்றிலும் சரி, இவ்வீடு மணக்கவில்லைத்தான் என்று யான் முடிவு கட்டினேன். பாடசாலையிலே இரண்டொரு நண்பரிடம் இதை உருக்கமாகச் சொல்லவுஞ் செய்தேன்.

பின்னர் ஒரு நாள் மாலையில் வீட்டுக்குப் போனபோது படலையிலேயே தீய்ந்த வாடை அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், அடுப்பிலே சோற்றுப் பானை அடிப்பற்றிக் கருகிப் புகைந்துகொண்டிருக்கிறது. பெரியம்மா அதற்கு நான்கு முழத் தூரத்திற் கதிரையில் இருந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்.

"பெரியம்மா, சோறு எரிஞ்சது மணக்கேல்லையோ?"

"எரிஞ்சதோ? இல்லையே மோனை" என்றார். அவர் முகத்திலே தோன்றிய திகைப்பு என்னை வருத்தியது. கண் மங்கினால் மங்கியது தெரியும். காது மந்தமானால் அயலவராவது சொல்லிக் காட்டுவார்கள். இதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை, அவருக்கே தெரியவுமில்லை.

அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்துப் பீவர் டாம் என்னும் ஊரிலே 53 வயது முதல் 97 வயது வரையுள்ள ஏறத்தாழ 2,500 பேரைச் சோதித்து 2002 இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. மணமறியும் ஆற்றல் குன்றியவர்கள் அவர்களுள் நாலிலொரு பங்கினர். எண்பதைக் கடந்தவருள் நூற்றுக்கு அறுபத்திரண்டு பேருக்கு மேல். ஆனால் எனக்கு மணம் குறைந்துவிட்டது என்று தாமாகச் சொன்னவர்கள் மொத்தத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருமில்லை. வயது ஏற ஏற, தம் மூக்கைப் பற்றித் தாமே சொல்வது மேலும் பிழைத்தது. இதைப் படித்தபோது, பெரியம்மாவின் வாக்கியத்தை யான் எவ்வளவு அவசரமாகப் பொருள் கொண்டேன் என்று வெட்கமாயிருந்தது. மணக்குதில்லை என்பதற்கு எழுவாய் வீடு என்று கொண்டேன். இலக்கணப்படி அது சரியே. குறை வீட்டிலா மூக்கிலா என்ற கேள்வியை இலக்கணம் தீர்த்து வைப்பதில்லை.

மூக்கினுள் மேற்கூரையிலே, முத்திரை அளவான ஒரு படலத்தில் மணத்தைப் பற்றும் நரம்புக் கலங்கள் அமைந்துள்ளன. உடம்பிலே நரம்பு என்பது பெரும்பாலும் எலும்பாலும் தோலாலும் காக்கப்பட்டிருக்க, இவை மட்டும் வெளிக்காற்றுப் படும்படி நிற்கின்றன. அதனால் அவை விரைவிலே தேய்வன. தேய்ந்தவை போகப் புதியன தோன்றுவன. முதுமையில் இந்தப் புதுப்பித்தல் தளர்கிறது. லிண்டா பக், ரிச்சட் அக்செல் என்னும் இருவர் 1991 இல் இக்கலங்களிலுள்ள மணவாங்கிகளுக்குரிய பரம்பரையலகுகளைக் கண்டுபிடித்து, 2004 இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதரிடத்தே தொழிற்படும் வாங்கி வகைகள் ஏறத்தாழ 400. அவற்றுட் சில சில சேர்ந்து தூண்டப்படும் கோலத்தைக் கொண்டே மூளை இது மல்லிகை, இது மண்ணெண்ணெய் என்று பிரித்துணர்கிறது. அந்நானூறையும் தமிழில் நாம் நான்கைந்து சொல்லால் அடக்கிவிடுகிறோம்: மணம், வாசம், வாடை, நெடி, நாற்றம். இவற்றுள் நாற்றம் என்பது பழந்தமிழில் நறுமணத்துக்கும் உரிய பெயராயிருந்து, பின்னர் இழிந்த பொருளுக்கே ஒதுங்கிவிட்ட சொல். வேறெந்தப் புலனுக்கும் மொழி இவ்வளவு கஞ்சத்தனம் காட்டவில்லை. அதனாற்றான் மணத்தைச் சொல்ல வேண்டுமானால் பொருளின் பெயரைச் சொல்லவேண்டியிருக்கிறது. பொருள் மறைந்தால் மணத்தின் பெயரும் மறைந்துபோகிறது.

கண் கண்டதும் செவி கேட்டதும் மூளையின் நடுவிலுள்ள ஓர் இடைநிலையத்திலே தங்கிப் பின்னரே உரிய இடத்துக்குச் செல்லும். மணம் அவ்விடத்திலே தங்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேரே போய்த் தொடுகிறது. ஸ்ரொக்ஹோம் நகரத்து ஆய்வாளர் இருவர் 2006 இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. முதியோர் தொண்ணூற்று மூவருக்குச் சொற்களையும் படங்களையும் மணங்களையும் கொடுத்து, எந்த வயது நினைவு எழுகிறது என்று கேட்டார்கள். சொல்லும் படமும் எழுப்பியவை பதினொன்று முதல் இருபது வயதுக்கு உட்பட்ட நினைவுகளே மிகுதி. மணம் எழுப்பியவையோ பத்து வயதுக்கு முந்தியவை. முதுமைக்கும் பிள்ளைப் பருவத்துக்கும் இடையே உள்ள வழிகளுள் மிகக் குறுகியது மூக்கின் வழி. முதுமையிலே முதலில் அடைபடுவனவற்றுள் ஒன்றும் அதுவே.

எரிந்த சோற்றுப் பானைக்குப் பின்னர், எனக்கு நினைவைப் பற்றிய கவலையைவிடச் சமையல் வாயுவைப் பற்றிய கவலையே முன்னின்றது. அவ்வாயுவுக்கு இயல்பிலே மணமில்லை. 1937 இல் ரெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்னும் ஊரிலே பாடசாலை ஒன்றின் கீழே மணமில்லாத இயற்கை வாயு கசிந்து நிறைந்து வெடித்ததில், ஏறத்தாழ முந்நூறு பேர் இறந்தனர், பெரும்பாலோர் பிள்ளைகள். அதன் பின்னரே கந்தகஞ் சேர்ந்த நாற்றப் பொருள் ஒன்றைக் கலக்கவேண்டும் என்னும் சட்டம் பிறந்தது. அதாவது, வீட்டைக் காக்கும் பொறுப்பு மூக்கிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. மூக்கு ஓய்ந்தவருக்கு அக்காவல் இல்லை. அதே வாரத்திலே வாயுக்கசிவை அறிவிக்கும் கருவி ஒன்றை வாங்கி அடுக்களையிலே பொருத்தினோம். கல்நார்த் தகட்டையும் இங்கே நினைக்க வேண்டும். அதன் தூசி நுரையீரலுக்குப் பெருங் கேடு. ஆனால் அதற்கு மணமே கிடையாது. புதுப் பலகைத் தளபாடத்திலிருந்து வருகிற "புதுவீட்டு வாசத்தில்" ஒரு கூறாகிய போமல்டிகைட்டுப் புற்றுநோய்க்குக் காரணமாவது என்று 2004 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்திற்று. பழைய வீட்டு மணம் எல்லாம் நல்லது என்று யான் வாதாட வரவில்லை. எங்கள் பழைய அடுக்களையின் புகை எத்தனை பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் கெடுத்தது என்பதை யார் கணக்கெடுத்தார்?

வைத்தியர் சோதித்தார். மணவிழப்புச் சிலருக்கு மறதி நோய்க்கும் நடுக்குவாதத்துக்கும் முன்னறிகுறியாக வருவதுண்டு, பெரியம்மாவுக்கு அவ்வாறு கருதக் காரணம் இல்லை, வயதின் தேய்வே என்றார். 2020 இலே கொரோனாத் தொற்று வந்தபோது இளையோர் பலரும் மணமிழந்து தவித்ததை நாம் கண்டோம். அத்தகையோருக்கு உதவுகின்ற மணப்பயிற்சி ஒன்றை அவர் சொல்லித் தந்தார். ஜேர்மனியிலே டிறெஸ்டன் நகரத்துப் பேராசிரியர் தோமஸ் ஹும்மெலும் அவர் குழுவினரும் 2009 இல் வெளியிட்ட முறை அது. ரோசா, எலுமிச்சை, கராம்பு, யூக்கலிப்ரஸ் என நான்கு மணங்களைக் காலையும் மாலையும் நினைவோடு முகர்தல், பன்னிரண்டு வாரம். பெரியம்மா ஒரு நாளும் தவறவில்லை. தேவாரம் ஓதி முடித்தவுடன் நான்கு போத்தல்களும் முன்னே வரும். மூன்றாம் மாதத்திலே கராம்பு மட்டும் "இருக்கிற மாதிரி இருக்கு" என்றார். மற்றைய மூன்றும் வரவில்லை.

முதல் மழையின்போது எழும் மண்மணம் எப்படி என்று கேட்டேன். அதுவும் இல்லையாம். அம்மணத்துக்கு 1964 இல் அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜோய் பெயர், ரிச்சட் தோமஸ் என்போர் ஒரு புதுப்பெயர் இட்டனர். காய்ந்த கல்லிலும் மண்ணிலும் படிந்த எண்ணெய்ப் பொருள்களும், மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஆக்குகின்ற ஒரு சேர்வையும் மழைத்துளி பட்டுக் காற்றிலே தெறிப்பதால் அது எழுகிறது. உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியிலே சுட்ட களிமண்ணை வாலையிலிட்டு வடித்து, அம்மணத்தை அத்தராக்கி விற்கும் தொழில் விஞ்ஞானிகளுக்கு முன்பிருந்தே நடக்கிறது. ஐம்பூதங்களுள் மண்ணுக்குச் சிறப்பான குணம் கந்தம் என்று சித்தாந்த நூல்கள் கூறுவதை வகுப்பிலே எத்தனையோ முறை ஒப்புவித்திருக்கிறேன். எங்கள் புது வீட்டு முற்றத்திற்குச் சீமெந்துக் கல் பதித்தபோது, எதை மூடுகிறோம் என்று ஒருகணமும் யான் எண்ணவில்லை.

மார்கழி பிறந்தது. ஒருநாட் காலையில் பெரியம்மா, "தைக்கு வெள்ளையடிக்கிறேல்லையோ?" என்று கேட்டார். புதுச் சுவருக்கு வர்ணம் பூசியிருக்கிறதே, அதன் மேலே சுண்ணாம்பு பிடியாது, உரிந்துவிடும் என்றேன். "அப்ப கிணத்துக் கட்டுக்கெண்டாலும் அடியுங்கோ" என்றார். சந்தைக்குப் போனேன். சுண்ணாம்பு கிடைத்தது, ஆனால் பொதியிலே தூளாக, தொழிற்சாலையில் முன்னரே நீற்றப்பட்டது. வாளியில் இட்டு நீர் விட்டுக் கலக்கினேன். சீறவில்லை, சுடவில்லை, மாவைக் கரைத்ததுபோலக் கரைந்தது. பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுஞ் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். வண்டியில் ஏற்றவும் அடுக்கவும் கடையில் வைத்து விற்கவும் அத்தூள் மிக வசதியானது. நீறாத சுண்ணாம்பை அப்படி விட்டுவைக்க முடியாது; ஈரம் பட்டால் மூட்டையே வெடித்துத் தீப்பற்றக்கூடும். ஆகவே கொதிப்பைத் தொழிற்சாலையிலே முடித்துவிட்டு, அடங்கிய பொருளையே எமக்கு அனுப்புகிறார்கள். நியாயமான ஏற்பாடுதான். பெரியம்மாவுக்கு வேண்டியதோ அந்தக் கொதிப்பு.

எங்கள் பாடசாலையில் இரசாயனம் கற்பிக்கும் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, "ஐயா, சுண்ணாம்புக்குச் சுத்தமாக மணமே இல்லை" என்றார். எழுவது நீராவியும், அதனோடு பறக்கும் நுண்ணிய தூசியும், கல்லிலே கலந்துள்ள பிற அழுக்குகளின் வாடையுமாம். அத்தூசி மூக்கினுள்ளே சுரீரென்று உறைப்பதை உணர்த்துவது மணநரம்பு அன்று. முகத்தின் தொடுகையையும் எரிவையும் அறிகின்ற வேறொரு நரம்பு. மிளகாய் வறுக்கும்போது நெடி ஏறுவதும் அதனாலேயே. முதுமையிலே மணநரம்பு ஓய்ந்த பின்னரும் அந்நரம்பு ஓரளவு வேலை செய்யும் என்றார். தொல்காப்பியர் முதலாவதாக வைத்த உற்றறிவு என்று யான் எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன்.

வடமராட்சிப் பக்கத்திலே, வெற்றிலைச் சுண்ணாம்புக்காகச் சிப்பி சுடுகின்ற ஒருவரைத் தேடிப்பிடித்து, நீற்றாத சுண்ணாம்பு இரண்டு கிலோ வாங்கிவந்தேன். பழைய மண்பானை ஒன்றிலே அதை இட்டு, கிணற்றடியில், பாதிச் சுவரின் அருகே வைத்தோம். கண்ணிலே தெறித்தாற் குருடாக்கிவிடும் பொருள் அது. ஆதலாற் பெரியம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி அணிவித்து, கதிரையை ஆறடி தள்ளி, காற்று வந்து படும் பக்கமாகப் போட்டேன். நீரைத் தெளித்தேன். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பின்னர் அடியிலே உறுமியது, பானை அசைந்தது, வெண்ணிறமான ஆவி எழுந்து, வாடைக்காற்றிலே சாய்ந்து, அவர் இருந்த பக்கம் போயிற்று.

பெரியம்மா கண்ணை மூடினார். இருமினார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். மணத்ததா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அவர் என்னைப் பார்க்காமல், ஆவியைப் பார்த்தபடியே பேசினார்.

"ஐயா தலைவாசல் கட்டேக்கை எனக்கு ஏழு வயசு. கிட்டப் போகாதை எண்டு கையிலை பிடிச்சுக்கொண்டு நிண்டவர். மேற்குச் சுவருக்கு மழை அடிக்கும், ரெண்டு தரம் அடிக்க வேணும் எண்டு மேசனுக்குச் சொன்னவர்."

மறுநாள் சுண்ணாம்பு ஆறியபின் வடித்து, கிணற்றுக் கட்டுக்கு ஒருமுறை அடித்தோம். மிஞ்சியதைப் பழைய பாதிச் சுவரின் மேற்குப் புறத்துக்கு அடித்தோம். அது காய்ந்த பின்னர், பெரியம்மா கதிரையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டாம் முறையும் அடித்தோம்.